மணலும் திரையும்: குழந்தைக்குப் பதில் சொல்வது யார்?

தாப்பா பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் உணவகம். சனிக்கிழமை காலை. எனக்கு அடுத்த மேசையில் ஓர் இளம் தாயும் மூன்று வயது இருக்கக்கூடிய பெண் குழந்தையும் உட்கார்ந்திருந்தார்கள். ரொட்டி சானாய் வருவதற்கு முன்பே கைப்பேசி மேசைக்கு வந்துவிட்டது. தண்ணீர்க் குவளையில் சாய்த்து வைத்த அந்தக் கைப்பேசியில் ஒரு பொம்மைப் பேருந்து பாடிக்கொண்டே ஓடியது. குழந்தையும் கூடவே "ரெட், புளூ, யெல்லோ" என்றது. உச்சரிப்பு அவ்வளவு தெளிவு.

நான் என் நீலச் சட்டையைக் காட்டி, "பாப்பா, தாத்தா சட்டை என்ன கலரு?" என்று கேட்டேன். குழந்தை என் முகத்தைப் பார்த்தது. பிறகு திரையைப் பார்த்தது. பதில் வரவில்லை.

"ராத்திரி வேலை முடிஞ்சு நேரா வந்திருக்கேன் அங்கிள். இது இல்லேன்னா இவ சாப்பிடவே மாட்டா" என்றார் தாய். அவர் குரலில் கொஞ்சம் கூச்சம் இருந்தது. நான் குறை சொல்லப் போகிறேன் என்று நினைத்திருப்பார்.

வாசகர்களே, அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. அதற்காக இந்தக் கட்டுரையை எழுதவும் இல்லை. அந்தக் குழந்தைக்கு நீலம் தெரியும். ஆனால் நீலம் என்பது எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் சட்டையிலும் இருக்கும் என்பதும், அதைச் சொன்னால் அந்த மனிதர் சிரிப்பார் என்பதும் அதற்கு இன்னும் தெரியவில்லை. இந்த இடைவெளி எப்படி வந்தது, அதை எப்படி நிரப்புவது என்பதுதான் என் கேள்வி.

ஆயாக் கொட்டகை போன பிறகு

நான் தாப்பாவுக்கு அருகில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். விடியற்காலை இருட்டில் பெரட்டு. அதற்கு முன்பே அம்மா என்னைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போய் ஆயாக் கொட்டகையில் விட்டுவிடுவார். பால்மரம் வெட்டி, மங்குகளில் வடிந்த பாலைச் சேர்த்து, நிறுவைக்குக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு அவர் திரும்பும்போது வெயில் உச்சிக்கு வந்திருக்கும். அதுவரை லயத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஆயாம்மாதான் தாய்.

அந்தக் காலத்தை நான் பொற்காலம் என்று சொல்லமாட்டேன். ஆயாம்மாவுக்கு எந்தப் பயிற்சியும் கிடையாது. பெரும்பாலும் மரம் வெட்ட முடியாத வயதான பெண்களுக்கே அந்த வேலை. கொட்டகையில் ஈ மொய்க்கும். பிள்ளைகளுக்குச் சொறியும் வயிற்றுப்புழுவும் இருந்தன. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்றது. ஆனால் அது ஏழு வயதிலிருந்து தொடங்கிய கணக்கு. அதற்குக் கீழே இருந்த பிள்ளைகளைப் பற்றிக் கல்வி என்ற எண்ணமே யாருக்கும் இருக்கவில்லை.

ஆனாலும் அந்தக் கொட்டகையில் ஒன்று இருந்தது. குழந்தை எதையாவது சொன்னால் யாராவது பதில் சொன்னார்கள். ஆயாம்மா திட்டினார், கொஞ்சினார், பாடினார், கதை சொன்னார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்கு ரப்பர் கொட்டையை எண்ணக் கற்றுக் கொடுத்தது. கல்வி என்ற பெயர் இல்லாமலேயே அங்கே மொழி வளர்ந்தது.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன. லயங்கள் காலியாகின. நம் மக்கள் தாப்பாவிலும் பீடோரிலும் கம்பாரிலும் ஈப்போவிலும் தாமான் வீடுகளுக்கு வந்து சேர்ந்தார்கள். வீடு கல்வீடானது, நல்லதுதான். ஆனால் பாட்டி ஓர் ஊரில், பேத்தி ஓர் ஊரில். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போனால்தான் தவணை கட்ட முடியும். ஆயாக் கொட்டகை மறைந்த இடம் வெகுநாள் காலியாகவே இருந்தது. கடைசியில் அந்த இடத்தில் கைப்பேசி வந்து உட்கார்ந்துகொண்டது. சம்பளம் கேட்காத ஆயா. அழுகையை உடனே நிறுத்தும் ஆயா. ஆனால் குழந்தை சொல்வது காதில் விழாத ஆயா.

திரை ஏன் பேச்சைக் கற்றுத் தருவதில்லை?

"அப்படியென்றால் ரெட், புளூ எப்படி வந்தது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மூன்று வயதுக் குழந்தை திரையிலிருந்து சில சொற்களைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் வயது குறையக் குறைய, திரையிலிருந்து கற்பது வியக்கத்தக்க அளவுக்குக் குறைந்துவிடுகிறது.

அமெரிக்காவின் சியாட்டலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பேட்ரிசியா கூல் என்ற அறிவியலாளர் தம் குழுவினருடன் ஓர் ஆய்வு செய்து 2003இல் வெளியிட்டார். ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவுக் குழந்தைகளுடன் சீன மொழி பேசுபவர்கள் நேரில் உட்கார்ந்து விளையாடினார்கள், புத்தகம் காட்டிப் பேசினார்கள். மொத்தம் 12 முறை. மற்றொரு பிரிவு அதே பேச்சை அதே அளவு நேரம் தொலைக்காட்சியில் பார்த்தது. வேறொரு பிரிவு ஒலியை மட்டும் கேட்டது. பிறகு சோதித்தபோது, நேரில் பேசக் கேட்ட குழந்தைகள் ஆங்கிலத்தில் இல்லாத ஒரு சீன ஒலி வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தொலைக்காட்சி பார்த்தவர்களும் ஒலி மட்டும் கேட்டவர்களும் எதையும் கற்கவில்லை. மொழி ஒன்று, நேரம் ஒன்று, மனிதர் எதிரே இருந்தாரா என்பது மட்டும் வேறு.

இதைப் படித்துவிட்டு, குற்றவாளி திரைதான் என்று தீர்ப்பு எழுதிவிடக்கூடாது. 2014இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு விஷயத்தைத் தெளிவாக்குகிறது. இரண்டு, இரண்டரை வயதுக் குழந்தைகளுக்குப் புதிய வினைச்சொற்களைக் கற்றுக் கொடுத்தார்கள். சிலருக்கு நேரில். சிலருக்கு ஸ்கைப் வழியாக. சிலருக்கு முன்பே பதிவு செய்த காணொளியில். நேரில் கற்றவர்களும் ஸ்கைப்பில் கற்றவர்களும் சொற்களைக் கற்றுக்கொண்டார்கள். பதிவுக் காணொளி பார்த்தவர்கள் கற்கவில்லை. ஸ்கைப்பும் திரைதானே? ஆம். ஆனால் அந்தத் திரைக்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்தார். குழந்தை சிரித்தால் அவரும் சிரித்தார். குழந்தை வேறு பக்கம் பார்த்தால் காத்திருந்தார்.

ஆக, கண்ணாடித் திரையா மரப்பலகையா என்பது இரண்டாவது கேள்வி. குழந்தை ஒன்று செய்தால் அதற்கேற்ற பதில் உடனே திரும்பி வருகிறதா என்பதே முதல் கேள்வி. ஆயாக் கொட்டகையில் வந்தது. குவளையில் சாய்த்து வைத்த கைப்பேசியில் வருவதில்லை.

மணலும் ஒரு தொழில்நுட்பமே

தொழில்நுட்பம் என்றாலே மின்சாரத்தில் ஓடுவது என்று நினைக்கப் பழகிவிட்டோம். மணல், அரிசி, பல்லாங்குழி, புளியங்கொட்டை இவையும் கற்பிக்கும் கருவிகள்தாம். ஒரு காலத்தில் நம் மணல் உலகையே சுற்றியது என்றால் நம்புவீர்களா?

1789இல் சென்னையில், படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான இல்லத்துக்குப் பொறுப்பேற்றார் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுத்துப் பழகுவதைக் கண்டார். காகிதமும் எழுதுகோலும் விலை அதிகமாயிருந்த காலம் அது. தம் இல்லத்திலும் அதைச் செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் மறுத்தார்கள். எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் பொறுப்பைக் கொடுத்தார். அவன் சின்னப் பிள்ளைகளுக்கு மணலில் எழுத்தைக் கற்றுக் கொடுத்தான். ஊருக்குத் திரும்பிய பெல் இதைப் பற்றி 1797இல் ஒரு நூல் வெளியிட்டார். பிள்ளைகளே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் 'மெட்ராஸ் முறை' என்று பெயர் பெற்று, அது இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவியது.

அதற்குப் பிறகு 1907இல் ரோம் நகரின் ஓர் ஏழைக் குடியிருப்பில் மரியா மாண்டிசோரி முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். உப்புத்தாளில் எழுத்து வெட்டி, அதை விரலால் தடவிப் பார்க்க வைத்தார். அதே மாண்டிசோரி 1939இல் சென்னைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. விரலின் வழியே எழுத்து மனத்துக்குள் போகும் என்பதை நம் திண்ணைப் பள்ளி வாத்தியார்களும் அந்த இத்தாலிய மருத்துவரும் வேறு வேறு வழிகளில் கண்டிருந்தார்கள்.

இன்றைய மூளை அறிவியல் இதற்கு ஒரு சான்று தருகிறது. அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் கேரின் ஜேம்ஸ் என்பவர், இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகளிடம் செய்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. குழந்தைகள் சில எழுத்துகளைக் கையால் தாமாக எழுதினார்கள். சிலவற்றைப் புள்ளிக்கோட்டின் மேல் வரைந்தார்கள். சிலவற்றை விசைப்பலகையில் தட்டினார்கள். பிறகு அந்த எழுத்துகளைக் காட்டி மூளையைப் படம் பிடித்தபோது, பெரியவர்கள் படிக்கும்போது இயங்கும் பகுதிகள், தாமாக எழுதிப் பழகிய எழுத்துகளுக்கே நன்றாக விழித்தெழுந்தன. தட்டச்சும் புள்ளிக்கோடும் அந்தப் பலனைத் தரவில்லை.

இதற்கு அவர் சொல்லும் விளக்கம் எளிமையானது. குழந்தை தானாக எழுதும் எழுத்து ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி கோணலாக வரும். இத்தனை கோணலும் 'அ' தான் என்று பார்த்துப் பார்த்து, 'அ' என்பதன் உண்மையான உருவம் மனத்தில் பதிகிறது. கோணலே போகவிடாத புள்ளிக்கோட்டில் இது நடப்பதில்லை.

இப்போது உங்கள் கைப்பேசியில் உள்ள தமிழ் எழுத்துச் செயலியைத் திறந்து பாருங்கள். பெரும்பாலானவை புள்ளிக்கோட்டின் மேல் விரலை இழுக்கச் சொல்பவைதாம். இழுத்து முடித்ததும் நட்சத்திரம் பொழியும், கைதட்டல் கேட்கும். குழந்தைக்கு மகிழ்ச்சி. ஆனால் விரல் போன பாதை செயலி போட்ட பாதை. தட்டில் பரப்பிய மணல் பாதை போட்டுக் கொடுப்பதில்லை. குழந்தையே தொடங்க வேண்டும், குழந்தையே முடிக்க வேண்டும். தவறினால் தட்டை ஆட்டினால் போதும், எல்லாம் அழிந்துவிடும். அழிக்க அழிக்கப் பயம் போய்விடும்.

நம் எழுத்து முறைக்கு இது இன்னும் முக்கியம். ஆங்கிலக் குழந்தைக்கு 26 எழுத்து. நம் குழந்தைக்கு 247. ல, ள, ழ என்றும், ந, ன, ண என்றும் காதும் கண்ணும் சேர்ந்து பிரித்தறிய வேண்டியவை பல. 'கொ' என்பதில் கொம்பு முன்னால், கால் பின்னால், ஆனால் வாயில் முதலில் வருவது 'க்'. இதையெல்லாம் குழந்தை தன் கையால் செய்து பார்க்காமல் பிடிபடாது. விசயதசமியன்று கோயிலில் தட்டில் அரிசியைப் பரப்பி, குழந்தையின் விரலைப் பிடித்து 'அ' எழுத வைக்கிறோமே, அந்தத் தட்டை மறுநாள் உள்ளே வைத்துவிடுகிறோம். மறுநாளும் வெளியே எடுத்திருக்க வேண்டும்.

பல்லாங்குழியின் கணக்கு

எண்ணுக்கும் இதே கதைதான். பல்லாங்குழியில் 14 குழிகள். கையில் அள்ளிய முத்துகளைக் குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். பெரியவர்களுக்கு இது பொழுதுபோக்கு. நான்கு வயதுக் குழந்தைக்கு இது ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கின் அடித்தளம். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள், எதையும் விடக்கூடாது, எதையும் இரண்டு முறை எண்ணக்கூடாது என்பதை விரல்களே கற்றுக்கொள்கின்றன. ஆட்டத்தில் ஒரு குழியில் நான்கு முத்து சேர்ந்தால் 'பசு' என்று சொல்லி எடுத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. எண்ணாமல் ஒரே பார்வையில் மனிதக் கண்ணால் பிடிக்க முடிவது மூன்று நான்கு பொருள்களைத்தான் என்கிறது உளவியல். அந்த ஆட்டத்தை உண்டாக்கியவர்களுக்கு உளவியல் தெரிந்திருக்காது. ஆனால் குழந்தையின் கண் தெரிந்திருந்தது.

மலாய்க்காரர்களின் சொங்காக் இதன் உடன்பிறப்பு. நம் அஞ்சாங்கல்லுக்கு அவர்களிடம் பத்து செரம்பான் என்று பெயர். தாப்பாவில் ஒரு பாலர் பள்ளி இந்த ஆட்டங்களை வைத்தால், எந்த வீட்டுப் பாட்டி வந்தாலும் ஆட்டம் தெரிந்தவராக இருப்பார்.

அமெரிக்காவில் ராபர்ட் சீக்லர், கீதா ரமணி என்ற இரு ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வு ஏழைக் குடும்பத்துப் பாலர்களைப் பற்றியது. ஒன்று முதல் பத்து வரை வரிசையாகக் கட்டம் போட்ட ஓர் அட்டை. சுழலும் முள் ஒன்று அல்லது இரண்டு காட்டும். குழந்தை காயை நகர்த்தும்போது கட்டத்தின் எண்ணை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நான்கு முறை, முறைக்கு ஏறக்குறைய 15 நிமிடம். அவ்வளவுதான். எது பெரிய எண், எந்த எண் எங்கே இருக்கும் என்ற அறிவு கணிசமாக உயர்ந்தது. ஒன்பது வாரம் கழித்துச் சோதித்தபோதும் அது நிலைத்திருந்தது. எண்ணுக்குப் பதில் நிறம் போட்ட அட்டையில் விளையாடிய குழந்தைகளுக்கு அந்தப் பலன் இல்லை. ஓர் அட்டை, ஒரு காய், ஒரு மணி நேரம். இதைவிட மலிவான பாடக்கருவி எங்கே கிடைக்கும்?

அப்படியானால் டேப்லெட்டைத் தூக்கி எறியலாமா?

வேண்டாம். பழையது எல்லாம் நல்லது என்று சொல்பவன் நானில்லை. பழைய வகுப்பறையில் பிரம்பும் இருந்தது. பொருள் தெரியாமல் ஒப்பிப்பதும் இருந்தது. காது சரியாகக் கேட்காத பிள்ளையை மக்கு என்று ஒதுக்கியதும் இருந்தது.

திரையால் மட்டுமே முடிகிற சில காரியங்கள் உண்டு. மணலால் பாட்டியின் குரலைச் சேமித்து வைக்க முடியாது. கைப்பேசியால் முடியும். தைப்பிங்கில் இருக்கும் தாத்தாவைத் தாப்பாவில் இருக்கும் பேரன் முகம் பார்த்துப் பேச முடிகிறது. மேலே சொன்ன ஸ்கைப் ஆய்வு இதைத்தானே நல்லது என்கிறது. விதை முளைப்பதை நாள்தோறும் ஒரு படம் எடுத்து வரிசையாகக் காட்டினால், குழந்தையின் கண்ணுக்குத் தெரியாத மெதுவான மாற்றம் தெரியும். பேச்சுக் குறைபாடு உள்ள குழந்தை படத்தைத் தொட்டுத் தன் தேவையைச் சொல்ல முடியும். கதைப் புத்தகம் கிடைக்காத வீட்டுக்குக் கதை போய்ச் சேர முடியும்.

பாலர்களுக்கான செயலிகளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேத்தி ஹிர்ஷ்-பாசெக்கும் சக ஆய்வாளர்களும் 2015இல் நான்கு தூண்களைச் சொன்னார்கள். அவற்றை நம் வீட்டுப் பேச்சில் நான்கு கேள்விகளாக மாற்றித் தருகிறேன். ஒன்று, குழந்தையின் மூளை வேலை செய்கிறதா, விரல் மட்டும் தட்டுகிறதா? இரண்டு, நடுவில் குதிக்கும் பொம்மையும் மணியோசையும் கவனத்தைக் கலைக்கின்றனவா? மூன்று, திரையில் பார்த்ததற்கும் குழந்தையின் வீட்டுக்கும் தெருவுக்கும் தொடர்பு இருக்கிறதா? நான்கு, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பேச அது இடம் தருகிறதா? நான்குக்கும் நல்ல பதில் கிடைத்தால் வைத்துக்கொள்ளுங்கள். நான்காவதற்கு மட்டும் பதில் இல்லை என்றாலும் அழித்துவிடுங்கள்.

நேரத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் 2019 ஏப்ரலில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இரண்டு வயதுக்குக் கீழே உட்கார்ந்து திரை பார்ப்பதே வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளுக்கு அதிகம் போனால் ஒரு மணி நேரம். குறைந்தால் இன்னும் நல்லது. மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கமும், நாளுக்கு மூன்று மணி நேர உடலசைவும் தேவை என்கிறது அதே வழிகாட்டுதல். ஒரு நாளில் 24 மணி நேரம்தான். திரை எடுத்துக்கொள்ளும் நேரம், ஓட்டத்திலிருந்தோ தூக்கத்திலிருந்தோ பேச்சிலிருந்தோதான் வருகிறது.

"உலகம் முழுக்கக் கணினிமயமாகிறது, நம் பிள்ளை பின்தங்கிவிடுமே" என்று கவலைப்படும் பெற்றோருக்கு ஒரு செய்தி. சுவீடன் நாடு 2019 முதல் பாலர் பள்ளிகளில் மின்னியல் கருவிகளைக் கட்டாயமாக்கியது. 2023இல் அந்தக் கட்டாயத்தைக் கைவிடப் போவதாக அதன் அரசே அறிவித்தது. அதே ஆண்டு யுனெஸ்கோவின் உலகக் கல்வி அறிக்கை, தொழில்நுட்பம் யாருடைய நிபந்தனையின் பேரில் வகுப்புக்குள் வருகிறது என்ற கேள்வியையே தலைப்பாக வைத்தது. நாம் ஓடிப் பிடிக்க நினைக்கும் வண்டியில் ஏறியவர்களே நிறுத்தம் பார்த்து இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். திரையைத் தேய்க்க எந்தக் குழந்தைக்கும் பயிற்சி வேண்டியதில்லை. பத்து நிமிடத்தில் பிடித்துக்கொள்ளும். மூன்று வயதில் விட்ட பேச்சைப் பத்து வயதில் பிடிப்பதுதான் பாடு.

ஏழ்மையையும் மறக்கக்கூடாது. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கி, பள்ளிகள் இணையத்துக்கு மாறியபோது கல்வியமைச்சு ஒரு கருத்தாய்வு நடத்தியது. 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்னியல் கருவியும் இல்லை என்று தெரிந்தது. ஒரு கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பங்கு போட்ட வீடுகள் நம்மிடையே நிறைய. திரையை நம்பி மட்டும் பாலர் கல்வியைக் கட்டினால், முதலில் சரிவது அந்த வீட்டுப் பிள்ளையின் கல்விதான்.

தாப்பாவில் செய்யக்கூடியவை

நம் நாட்டில் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பாலர் கல்வியைத் தேசியக் கல்வி முறைக்குள் கொண்டுவந்தது. பாலர் பள்ளிகளுக்கென்று ஒரு தேசியக் கலைத்திட்டம் இருக்கிறது. 2017இல் அது திருத்தப்பட்டது. விளையாடிக் கற்பதை அது வரவேற்கிறது. ஆகவே கீழே நான் சொல்வது எதற்கும் கோலாலம்பூரின் அனுமதி தேவைப்படாது.

முதலாவது, நன்கொடையாளர்களுக்கு. முன்னாள் மாணவர் சங்கங்களும் கோயில் நிர்வாகங்களும் நல்ல மனத்தோடு பாலர் வகுப்புக்கு டேப்லெட் வாங்கிக் கொடுக்கிறார்கள். மாலை, பொன்னாடை, புகைப்படம் எல்லாம் நடக்கும். ஓராண்டு கழித்துப் போய்ப் பார்த்தால், மின்கலம் வீங்கிய கருவிகள் அலமாரியில் பூட்டிக் கிடக்கும். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆசிரியையைக் கேட்டால், "எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கலை சார்" என்பார். அடுத்த முறை ஒரே ஒரு டேப்லெட்டை ஆசிரியையின் கைக்குக் கொடுங்கள். மிச்சப் பணத்தில் மணல் தட்டு, பல்லாங்குழி, எண் அட்டை, தமிழ்ப் படக்கதைப் புத்தகம் வாங்குங்கள். அதிலும் மிஞ்சுவதை ஆசிரியையின் பயிற்சிக்குக் கொடுங்கள்.

இரண்டாவது, பாலர் பள்ளிகளுக்கு. மாதம் ஒரு முறை ஒரு பாட்டியையோ தாத்தாவையோ வகுப்புக்கு அழையுங்கள். அவர் ஆடட்டும், பாடட்டும், தோட்டத்துக் கதை சொல்லட்டும். ஆசிரியை அதைப் பதிவு செய்து, அன்று மாலையே பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பட்டும். இரவில் குழந்தை அதைத் தாயோடு சேர்ந்து பார்க்கும். தாய்க்குத் தன் பாட்டி நினைவு வரும், பேச்சு தொடங்கும். இங்கே பழையதும் புதியதும் ஒன்றையொன்று தள்ளிவிடாமல் ஒரே வேலையைச் செய்கின்றன. குழந்தைப் பாடல்களைச் சிறு வயதிலேயே நிறைய அறிந்திருக்கும் குழந்தைகள் பின்னாளில் ஒலிகளைப் பிரித்தறிந்து படிப்பதில் முன்னே நிற்கிறார்கள் என்று 1980களிலேயே இங்கிலாந்தில் ஆய்வு செய்து காட்டியிருக்கிறார்கள். பாட்டியின் பாட்டு பொழுதுபோக்கு மட்டும் என்று யாரும் தள்ளிவிட வேண்டாம்.

மூன்றாவது, நம் பல்கலைக்கழகத்துக்கு. தாப்பாவுக்குத் தெற்கே, தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. தமிழ் ஆசிரியர்களையும் பாலர் கல்வி ஆசிரியர்களையும் உருவாக்கும் இடம் அது. நான் மேலே எடுத்துக்காட்டிய ஆய்வுகள் எல்லாம் ஆங்கிலக் குழந்தைகளைப் பற்றியவை. மணலில் எழுதிப் பழகிய தமிழ்க் குழந்தைக்கும் செயலியில் பழகிய தமிழ்க் குழந்தைக்கும் என்ன வேறுபாடு என்பதைப் பேராக் மாநிலத்துப் பாலர் வகுப்புகளிலேயே ஆய்ந்து பார்க்கலாம். பெரிய செலவு இல்லாத ஆய்வு. நமக்கு மிகவும் தேவையான ஆய்வு.

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையிடம் முத்து, கொட்டை போன்ற சிறு பொருள்களைக் கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும். நாம் எண்ணி விளையாடிய ரப்பர் கொட்டையின் உள்ளே சயனைடு நஞ்சை வெளியிடும் பொருள் உண்டு. ஆகவே பச்சைக் கொட்டை வாய்க்குப் போகக்கூடாது. புளியங்கொட்டையோ சோழியோ போதும், அதுவும் பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.

எது பறிபோகிறது?

இவ்வளவு ஏன் சொல்கிறேன் என்றால், பறிபோவது ஒரு விளையாட்டு மட்டும் இல்லை. இந்த நாட்டில் தமிழ்க் கல்வி 1816 அக்டோபர் 21இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தொடங்கியதாக நாம் கொண்டாடுகிறோம். இருநூறு ஆண்டுகளைத் தாண்டிவிட்டோம். தோட்டங்கள் காலியானபோது பல தமிழ்ப்பள்ளிகள் பிள்ளைகள் இல்லாமல் தவித்தன, இன்றும் தவிக்கின்றன. பள்ளியைக் காப்பாற்றக் கட்டடம் கேட்கிறோம், மானியம் கேட்கிறோம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் முதலாம் ஆண்டுக்கு வரும் பிள்ளைக்குத் தமிழில் நான்கு வாக்கியம் சேர்த்துப் பேச வரவில்லை என்றால், எந்தக் கட்டடத்தில் உட்கார்ந்தாலும் அதற்குத் தமிழ் அந்நிய மொழிதான். அந்த நான்கு வாக்கியம் வகுப்பறையில் பிறப்பதில்லை. அதற்கு முந்திய ஐந்து ஆண்டுகளில், சாப்பாட்டு மேசையில், குளிக்கும்போது, மோட்டார் சைக்கிளில் முன்னால் உட்கார்ந்து போகும்போது பிறக்கிறது.

அன்றைக்கு அந்த உணவகத்தில் நான் எழுந்து போகவில்லை. தாயிடம் கேட்டுக்கொண்டு, கைப்பேசியை நிறுத்தாமலேயே, "இந்த பஸ்ஸு எங்க போகுது? தாப்பாவுக்கு வருமா?" என்று குழந்தையிடம் கேட்டேன். முதலில் பதில் இல்லை. மறுபடி கேட்டேன். மூன்றாவது முறை குழந்தை வெளியே கையை நீட்டியது. ஈப்போ பேருந்து நிலையத்துக்குள் வந்துகொண்டிருந்தது. "அந்த பஸ்ஸு" என்றது. "அது என்ன கலரு?" என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ரெட்" என்றது. "ஆமா, செவப்பு" என்றார் தாய். "செவப்பு" என்றது குழந்தை.

அந்தத் தாய்க்கு இதற்காகத் தனியாக நேரம் எதுவும் செலவாகவில்லை. ரொட்டி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. உங்கள் வீட்டிலும் இன்று இரவு கைப்பேசி ஓடத்தான் போகிறது. ஓடட்டும். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வரும்வரை கொஞ்சம் காத்திருங்கள்.